முந்நூற்றுப் பதினேழாம் பக்கம்

பொய் சொல்லக்கூடாது, அன்றைக்கு வீரய்யா மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஹட்டன் பஸ் நிற்கும் சந்தியில் குடைக்கடை வைத்திருப்பவன் நான். மழை கொட்டுகிற ஞாயிற்றுக்கிழமை, கடையில் கால் வைக்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு படிவத்தை நீட்டினார்.

"முனாப் மொதலாளி, லைப்ரரியில சேரணுங்க. ஒரு கையெழுத்து போடுங்க."

வீரய்யாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மறுபடி துளிர்க்க விடுகிற கவ்வாத்து வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிணைக் கையெழுத்துப் போடுகிறவருக்கு டவுனில் சொந்தக் கட்டடம் வேண்டுமாம். மூன்று தலைமுறை குடியிருந்த லயத்து ஒற்றை அறைக் காம்பராவே அவர் பெயரில் இல்லை. தோட்டத்தில் எவரைப் பிணைக்குக் கூப்பிடுவார்? என்னிடம் வந்தார்.

"இந்த வயசுல என்னத்துக்கு வீரய்யா?"

சொன்னார். போன வாரம் மழைக்கு ஒதுங்கி நூலக மண்டபத்துக்குள் போயிருக்கிறார். வாசகர் வட்டத்தில், காலம் என்றால் என்ன என்று விளக்கும் ஒரு தடித்த புத்தகத்தைப் பற்றி கஜதீபன் மாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே படிப்பிக்க வந்தவர். கேள்வி உண்டா என்று கேட்டதும் இவர் எழுந்துவிட்டார்.

"அறுவது வருசத்துச் செடிய கவ்வாத்து வெட்டுறோம். புதுசா துளிர்க்குது. இப்ப அதுக்கு வயசு அறுவதா, ஆறு மாசமாங்க?"

மண்டபமே சிரித்திருக்கிறது. "ஐயா, முதல்ல புத்தகத்தை வாசிச்சிட்டு வந்து கேளுங்கோ" என்றாராம் மாஸ்டர்.

"சிரிச்சுட்டாங்க மொதலாளி. அந்தப் புத்தகத்த முடிச்சிட்டு, அதே மண்டபத்துல அதே கேள்விய கேக்கணும். இல்லாட்டி எனக்கு மனசு ஆறாது."

கையெழுத்துப் போட்டேன். "புத்தகத்துக்கு ஏதாச்சும் ஆச்சு, என் தலைதான் உருளும்" என்று திட்டிக்கொண்டேதான் போட்டேன்.

கவ்வாத்துக்காரர்களுக்கு ஒரு மணியோடு வேலை முடிந்துவிடும். மற்றவர்கள் மரக்கறித் தோட்டத்துக்குப் போவார்கள். இவர் என் கடை மூலையில் வந்து குந்துவார். கையில் எழுத ஒரு கொப்பி. தோட்டத்தில் அன்றைய வேலையை முடித்தால் முழு நாள் சம்பளத்துக்கு முழுப் பேர் போடுவார்கள், குறைந்தால் அரைப் பேர். அதே கணக்கைத் தனக்கும் வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் விளங்கினால் முழுப் பேர். பாதி விளங்கினால் அரைப் பேர், மறுநாள் அதே பக்கம். முதல் வரியில், மண்டபம் சிரித்த நாளின் திகதி போட்டு, 'பேர் இல்லை' என்று எழுதியிருந்தார்.

இரண்டு வாரத்துக்கொரு முறை நூலகர் றுக்கையா மறுபடி முத்திரை குத்திக் கொடுப்பாள். விளங்காத வரிகளுக்குப் பென்சிலால் கொப்பியில் குறி வைத்துவிட்டுத் தாண்டுவார். கேட்டால், "பலமில்லாத செடிய மொத்தமா வெட்டினா செத்துப்போகும். ஒரு கெளைய விட்டு வைப்போம், அது மூச்சு விடும். அதுமாதிரிதாங்க" என்பார். இருநூறாம் பக்கத்தில் மனிதர் தொய்ந்துபோனார். பதினெட்டு நாள் தொடர்ந்து அரைப் பேர்.

"திருப்பிக் குடுத்துருவோம் மொதலாளி. நமக்கு ஏறல."

எனக்கு வந்ததே கோபம்! "யா அல்லாஹ்! நான் கையெழுத்துப் போட்டது பாதிப் புத்தகத்துக்கா? குந்து மனுசா!"

குந்தினார்.

பதினொரு மாதம் கழித்து, அந்தப் புத்தகத்தைப் பற்றி வட்டத்தில் கடைசிக் கூட்டம். நான் கடையைச் சாத்திவிட்டே போனேன். வீரய்யா எழுந்து அதே கேள்வியை அப்படியே கேட்டார். இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கினார்கள். அவர் நிறுத்தவில்லை.

"முந்நூத்தி பதினேழாம் பக்கத்த எடுங்க. இத எழுதினவரும் இதே கேள்வியத்தான் கேக்குறாரு. அவரு தெராட்சக் கொடிய வச்சுக் கேக்குறாரு, நான் தேயிலைய வச்சுக் கேட்டேன். கொடிக்குப் பழைய வயசு, புது வயசுன்னு ரெண்டு இருக்கு, ரெண்டும் ஒட்டாதுங்குறாரு. அது தப்புங்க. நாங்க விட்டு வைக்கிற கெளையில பழைய வயசும் இருக்கு, புதுத் துளிருக்குச் சோறு போடுறதும் அதுதான். இவரு கத்தி புடிச்சதில்ல போலருக்கு."

நூலகப் புத்தகம் வீரய்யாவின் கையில் இருந்தது. கஜதீபன் மாஸ்டர் அதை வாங்கி, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தார். இன்னொரு முறையும் வாசித்தார். பிறகு புத்தகத்தின் கடைசி அட்டையைத் திருப்பி, ஒட்டியிருந்த, எடுத்தவர் எண்ணோடு முத்திரை குத்தும் திகதித் தாளைப் பார்த்தார். மேலே ஆளுக்கொரு முத்திரையாக நான்கு. அதில் ஒன்று அவருடையது. அதற்குக் கீழே இருபத்துநான்கு முத்திரை, எல்லாம் வீரய்யாவுடையது.

"உண்மையைச் சொல்லுறன்," என்றார். "நான் இருநூறாம் பக்கத்தோட விட்டிட்டன். அண்டைக்கு உங்களை அப்பிடிச் சொன்னது பிழை. இஞ்ச முன்னுக்கு வாங்கோ ஐயா, மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ. நாங்கள் கேக்கிறம்."

கைதட்டலை முதலில் ஆரம்பித்தது நான்தான், வெட்கமென்ன அதில்? அழுதேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். வீரய்யா முக்கால் மணிநேரம் பேசினார். எவரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் ஒரு மணிக்கு வழக்கம்போல் கடை மூலைக்கு வந்தார். கொப்பியின் முதல் வரியில் 'பேர் இல்லை' என்றிருந்ததை வெட்டிவிட்டு, பக்கத்தில் 'முழுப் பேர்' என்று எழுதினார்.