குனோங் ஆப்பிக்கு மூன்று டிக்கெட்

பினாங்கில் கொடிமலைமேல் ஏறும் ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த என் கணவரை, கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில், மேடான் ஊரில் இருந்த தன் கடையைப் பார்த்துக்கொள்ளும்படி முதலாளி கேட்டார். இவரும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, எல்லோரும் போகலாம் என்றார். எனக்குத் துளியும் இஷ்டமில்லை. என் அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே இருந்தது. நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஆனால் பிள்ளைகள் அழுதால் உருகிவிடுவார்.

அதனால் என் பழைய பூகோளப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். மேடான் பக்கமெல்லாம் எரிமலை என்று இரண்டு மகள்களையும் உட்கார வைத்துப் பாடம் தொடங்கினேன். இரண்டும் திருதிருவென்று விழித்தன. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர்களாயிற்றே என்று, குனோங் ஆப்பி, நெருப்பு மலை என்று மலாயில் சொன்னேன். அங்கேதான் சறுக்கினேன். ரயிலுக்கு மலாயில் கெரெத்தா ஆப்பி, நீராவிக் கப்பலுக்குக் காப்பால் ஆப்பி. ஆப்பி என்று முடிவதெல்லாம் ஏறிப் போகிற வண்டி என்பது ஆறு வயதுச் சின்னவளின் கணக்கு.

"கொடிமலையில ரயிலுதான் மேல போகுது. அங்க மலையே போகுமாம்மா?" என்றாள். பெரியவள் ஜன்னலோரம் தனக்குத்தான் என்று அப்போதே சொல்லி வைத்தாள்.

மாலையில் அவர் வந்ததும் எப்போது புறப்படுகிறோம் என்று இருவரும் குதித்தார்கள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் புத்தகத்தை மூடி வைத்தேன். உலை கொதிக்கும்போது மூடியை அழுத்திப் பிடித்து, சட்டென்று விட்டேன். மூடி எகிறி விழுந்து, கஞ்சி அடுப்பெல்லாம் வழிந்தது. நெருப்பு மலை இப்படித்தான் பொங்கும் என்றேன். பிறகு மேசைமேல் தகரக் குவளைகளை அடுக்கி, மேசையைப் பிடித்து உலுக்கினேன். வீடுகள் இப்படித்தான் விழும், நிலம் ஆடினால் மேசைக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, இருவரையும் நாலைந்து தடவை புக வைத்தேன். சின்னவளின் உதடு துடித்ததைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மாலையில் அவர் வந்ததும், நான் நினைத்தபடியே போக மாட்டோம் என்று அழுதார்கள். அவர் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துவிட்டார்.

"சரி, நீங்க இங்கயே இருங்க. நான் மட்டும் போறேன்" என்றார்.

அவர் தனியாகப் போவார் என்பது அதுவரை என் புத்திக்கு எட்டவே இல்லை. அடுத்த வாரம் கப்பல் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டிய இடத்தையே கூட்டினேன். தபால்காரர் தெருமுனையில் வரும்போதே வாசலுக்கு ஓடினேன். அக்கா வீட்டுக்குப் போனால், பாதிப் பேச்சில் எழுந்து வந்துவிடுவேன். அலமாரியில் ஒரு குவளை கிணுகிணுத்தாலும் நிலம் ஆடுகிறதோ என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் காட்டிய பூச்சாண்டி என்னையே பிடித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம் பாரம் ஏற்றிய மாட்டுவண்டிகள் வரிசையாக வாசலைக் கடந்தன. குவளைகள் கடகடவென்று ஆடின. கண் மூடித் திறப்பதற்குள் பிள்ளைகள் மேசைக்கு அடியில் இருந்தார்கள். சின்னவள் என் சேலையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். வண்டிதான் போகிறது என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"அப்பாவுக்கு இது தெரியுமாம்மா? நீங்க எங்களுக்குத்தானே சொல்லிக் குடுத்தீங்க."

வண்டிகள் போய் வெகுநேரம் ஆகியும் நான் வெளியே வரவில்லை. பிறகு எழுந்து அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நிலம் ஆடினால் மேசைக்கு அடியில் போய்விடுங்கள் என்று தொடங்கினேன். அதை அடித்துவிட்டு, எங்களுக்கு மூன்று டிக்கெட் எடுக்கும்படி எழுதினேன்.