பொட்டு வைத்த ஏஐ கேமரா

விஜயதசமி காலையில் எங்கள் ஏஐ கேமரா எல்லா பீஸையும் ரிஜெக்ட் செய்தது. வடக்குப்பட்டில் இரும்புத் தகட்டில் கார்களுக்கு பிராக்கெட் அடிக்கும் சின்ன பிரஸ் ஷாப் அது. நான் குவாலிட்டி இன்சார்ஜ். மதியத்துக்குள் லோடு போகாவிட்டால் மறைமலை நகர் கஸ்டமரின் லைன் நின்றுவிடும்.

கேமரா வந்த கதை எளிது. எம்.டி. ஒரு கருத்தரங்குக்குப் போனார், மதியச் சாப்பாட்டோடு ஞானமும் பெற்றுத் திரும்பினார். பல வருஷமாகக் கண்ணால் பார்த்தே பீஸ் பிரிக்கும் ரீட்டாவைக் கூப்பிட்டு, "இந்த மாசத்தோட போதும்மா, இனிமே மெஷினே பாத்துக்கும்" என்றார். ரீட்டா வீட்டில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் அவர்தான்.

இப்போது அந்த மெஷின், ஒரு பீஸ் விடாமல் 'துரு' என்றது.

"ஏஐ பொய் சொல்லாதுய்யா, நம்ம சரக்குதான் சரியில்ல" என்று எம்.டி. முதலில் ஆபரேட்டரைத் திட்டினார், பிறகு ஸ்டீல் சப்ளையரைத் திட்டினார். கேமரா விற்றவர் போனில், "மாடல் இன்னும் கத்துக்கினு கீது சார்" என்றார்.

எரிச்சலில், கேமராவுக்கு அடியில் பீஸ்கள் போகும் பெல்ட்டைக் காலியாகவே ஓடவிட்டேன். காலி பெல்ட்டும் துருவாம்!

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். முந்தின நாள் ஆயுத பூஜையில் எல்லா மெஷினுக்கும் வைத்ததுபோல கேமராவுக்கும் எம்.டி. தன் கையாலேயே சந்தனம், குங்குமம் வைத்திருந்தார். நெற்றி எது என்று தெரியாமல் லென்ஸிலேயே வைத்துவிட்டார்.

"தொடச்சிடலாமா சார்?" என்று எம்.டி.யைக் கேட்டேன்.

"யோவ், பூஜ போட்ட பொட்ட அழிக்கிறதா? இருக்கிற ஆர்டரும் பூடும்!"

ஆபரேட்டரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எம்.டி. சுற்றுமுற்றும் பார்த்தார். "ரீட்டாம்மா, நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்கு தோஷம் இல்ல. கொஞ்சம் தொடச்சி வுடுங்க."

ரீட்டா துணியோடு ஸ்டூலில் ஏறினார். கையை நீட்டியவர் அப்படியே நின்றார்.

"தொடைக்கிறேன் சார். அடுத்த பூஜைக்கு யாரு தொடைப்பாங்க?"

பிரஸ் எல்லாம் நின்றிருந்ததால் ஷெட் முழுக்கக் கேட்டது. எம்.டி. வாட்சைப் பார்த்தார்.

"நீங்கதாம்மா. நீங்க இன்னா எங்க போகப் போறீங்க? தொடைங்க."

லோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரீட்டா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்.

இளைய இன்ஜினியர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏஐ தாராளமாக வாங்குங்கள். யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதை மட்டும் ஆயுத பூஜை முடிந்தபின் முடிவு செய்யுங்கள்.