நடுவில் பட்டம் கிடையாது

மாத்தளைக் கடைத்தெருவில் இத்ரூஸ் ஹாஜியாரிடம் மிளகு வாங்குகிறவர்கள் தராசு முள்ளைப் பார்ப்பதில்லை. மனுஷர் சொன்னால் சொன்னதுதான். அவருடைய மூத்த மகள் ஸுபைதா வாப்பாவின் நிறத்தை எடுக்கவில்லை, மூக்கை எடுக்கவில்லை, பிடிவாதத்தை மட்டும் ஒரு துளி சிந்தாமல் எடுத்துக்கொண்டாள். இந்த இரண்டு பேரும் ஒருநாள் முட்டிக்கொள்வார்கள் என்று வீட்டில் யாராவது முன்கூட்டியே யோசித்திருக்கலாம்.

முட்டிக்கொள்ள வைத்தது ஒரு எஞ்சினியர் படிப்பு. அதுவும் அவள் படித்த படிப்பல்ல.

ஹாஜியாரின் தங்கை றம்லா, புருஷன் மௌத்தான பிறகு ஒரே மகன் மஹ்ரூபை வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்தாள். 1962இல் மஹ்ரூபுக்கு மொஸ்கோவில் எஞ்சினியரிங் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. ஸுபைதா மச்சானுக்குத்தான் என்பது இரு வீட்டிலும் எப்போதோ முடிவான விஷயம். பயணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் கூடி உட்கார்ந்தார்கள். ஹாஜியார்தான் பேசினார்.

“முதல் பட்டம் கைக்கு வந்ததும் நிக்காஹ். அதுக்கு மேல படிக்கிறதுன்னா இவளயும் கூட்டிட்டுப் போய்ப் படிக்கட்டும். நாலு வருஷத்துக்குள்ள நிக்காஹ் நடக்கணும். இல்லாட்டி பேச்சு முறிஞ்சிது.”

சரி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பாத்திஹா ஓதி, சர்பத்தும் குடித்தாயிற்று. இலங்கையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்: முதலில் ஒரு பட்டம், ஆசை அடங்காதவனுக்கு அதற்கு மேல் இன்னொன்று. மொஸ்கோவிலும் அப்படித்தானா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. போகிறவனுக்கே தெரியாது.

நான்காவது வருஷம் பாதி கழிந்தும் பட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஹாஜியார் காரமாக ஒரு கடிதம் போட்டார். பதில் வந்தது. அங்கே முதல் வருஷம் பாஷை படிக்க, பிறகு ஐந்து வருஷம் படிப்பு. நடுவில் பட்டம் கிடையாது. கடைசியில் முதல் பட்டமும் அதற்கு மேற்பட்டதும் சேர்ந்து ஒன்றாகவே கிடைக்கும் என்று மஹ்ரூப் பணிவாக எழுதியிருந்தான்.

“கீழ் வீடு இல்லாம மேல் வீடு கட்டுறானா இவன்? எனக்கே கதை விடுறானே!” என்று ஹாஜியார் துள்ளினார்.

நீர்ப்பாசனக் கந்தோர் எஞ்சினியர் ஆறுமுகநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், கடைக்கு வாடிக்கையாக வருகிறவர். ஏலக்காய் வாங்க வந்தவரை ஹாஜியார் பிடித்து உட்கார வைத்தார். கடைக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு திரைச்சீலைதான். அதற்குப் பின்னால் ஸுபைதா நின்றாள்.

“பெடியன் பொய் சொல்லேல்லை ஹாஜியார். இஞ்ச நாங்கள் பி.எஸ்.சி. முடிச்சுத்தான் எம்.எஸ்.சி. செய்யிறது. அங்க ரெண்டையும் ஒண்டாப் பிணைச்சு வச்சிருக்கினம். ஆனா ஒரு கரைச்சல் இருக்கு. இடையில விட்டிட்டு வந்தானெண்டால் கையில ஒண்டும் இராது. அவ்வளவும் வீண்.”

ஹாஜியாருக்குக் கோபம் தணிந்தது, வாக்குத் தணியவில்லை. பையன் நல்லவன்தான், ஆனால் நாலு வருஷம் நாலு வருஷம்தான். அக்குறணையில் ஒரு துணி வியாபாரியின் மகனை விசாரித்து வைத்திருந்தார். கல்யாணங்கள் நடக்கிற ஹஜ்ஜுப் பெருநாள் மாதமும் போய்விட்டது, குமரை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா என்று மனைவி ஸைனம்புவும் கூடச் சேர்ந்துகொண்டாள். போதாக்குறைக்கு அவளுக்கு இன்னொரு பயம்.

“வெள்ளைக்காரி ஒருத்தியக் கட்டிட்டு வந்து நின்டான்னா என்ன செய்வ, மகள்?”

“வந்தா ரெண்டு பேருக்கும் சோறு போடுங்க உம்மா” என்று ஸுபைதா சிரித்தாள். சிரித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மச்சானை அவளுக்குப் பிடிக்கும். ஊர் முடிவு செய்ததால் வந்த பிடிப்பல்ல, உள்ளபடியே பிடிக்கும்.

அடுத்த கிழமை றம்லா மாமி மூச்சிரைக்க ஓடிவந்தாள். “புள்ள, மச்சான் வாறானாம்! படிப்பு போனாப் போகட்டும், மாமாட வாக்கு முறியக் கூடாதுன்னு எழுதியிருக்கிறான்.”

ஸுபைதாவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. “வரக் கூடாது மாமி. என்னத்துக்கு வாறது? நாலு வருஷத்தப் பனியில கொட்டிட்டு வந்து என் முகத்தப் பார்த்துட்டு இருக்கவா? நாளைக்கு ஒரு சின்னச் சண்டை வந்தாலும் உனக்காகத்தான் விட்டேன்னு சொல்ல மாட்டாரா?”

அன்று அஸர் தொழுகை முடிந்து வாப்பா வந்து உட்கார்ந்ததும், தேத்தண்ணீரை வைத்துவிட்டு ஸுபைதா அங்கேயே நின்றாள்.

“வாப்பா, நாலு வருஷம் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கில்லையா?”

“இருக்கு.”

“அதுக்குள்ள நிக்காஹ முடிச்சிடுங்க.”

“அவன் அங்க, நீ இங்க. யாரோட முடிக்கிற?”

“நம்ம பெரியாப்பா ரங்கூன்ல கடை வச்சிருந்தப்ப எப்படி நிக்காஹ் நடந்திச்சு? வகீல் வச்சுத்தானே? மச்சான் வகாலத்து எழுதி அனுப்பட்டும். அவருக்குப் பதிலா ஒருத்தர் உக்காரட்டும். படிப்ப முடிச்சிட்டு மெல்ல வரட்டும்.”

“முதல் பட்டம்னு நான் சொல்லியிருக்கேனே.”

“நிக்காஹ்வுக்குப் பட்டம் வேணும்னு மார்க்கத்துல எங்கயும் இல்லையே வாப்பா.”

ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது. “அவன் வராமலே போயிட்டான்னா? கன்னியுமில்லாம, புருஷனோட வாழ்ந்தவளுமில்லாம நிப்பாய் மகள். அத நான் எப்படிப் பார்ப்பேன்?”

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. இல்லையென்று அவள் பொய் சொல்லவில்லை. “நிப்பேன் வாப்பா. காத்திருக்கிறது நான்தானே.”

ஹாஜியார் சரியென்று தலையாட்டினார். பிறந்ததிலிருந்து மச்சானுக்குத் தனியாக ஒரு வரி எழுதாதவள் அன்று எழுதினாள். படிப்பை விட்டுவிட்டு வந்தால் இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று தொடங்கி, வகாலத்தை உடனே அனுப்பவும் என்று முடித்தாள். நடுவில் சலாம் சொல்லக்கூட மறந்துபோனாள். வகாலத்து வந்தது. ஒரு சூடான்காரரும் ஒரு இந்தோனேசியாக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

வகீலாக உட்கார்ந்தவர் மஹ்ரூபின் சிற்றப்பா, ஸக்கரியா சாச்சா. லொறி ஓட்டுகிறவர். இரவல் கோட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டு மாப்பிள்ளை இடத்தில் அவர் இருந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. “என்ன ஸக்கரியா, இந்த வயசுலயா?” என்று கேட்காத ஆளில்லை. மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

சம்மதம் கேட்க ஹாஜியார் இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்தார். கன்னிப்பெண் வெட்கப்பட்டு மௌனமாக இருந்தால் அதுவே சம்மதம். கூடியிருந்த பெண்களும் அந்த மௌனத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

“மகள், மஹ்ரூபுக்கு உன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமா?”

“சம்மதம்!” என்றாள் ஸுபைதா. வெளிக்கூடத்தில் இருந்த ஆண்களுக்கெல்லாம் கேட்டது. ஸைனம்பு தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு கிழவி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று தொடங்கி வெகுநேரம் பேசினாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் லேசில் போகவில்லை. ‘மொஸ்கோக்காரன் பெண்சாதி’ என்று தெருவில் பெயர் விழுந்தது. ஒரு மாரிகாலம் முழுவதும் அங்கிருந்து கடிதமே இல்லை. அப்போது அவள் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் கரும்பலகையில் கணக்கைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கராம்பு காயும் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஆனால் செய்தது தப்பென்று ஒருநாளும் நினைக்கவில்லை. அழுகை வேறு, அது வேறு.

1968இல் கண்டியிலிருந்து வந்த ரயிலில் மஹ்ரூப் இறங்கினான். மெலிந்திருந்தான், கண்ணாடி போட்டிருந்தான், தனியாகத்தான் இறங்கினான். ரயில் பெட்டிக்குள் வேறு யாருமில்லையே என்று ஸைனம்பு ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அவன் பட்டத்தை மாமாவின் கையில் கொடுத்தான். ஹாஜியார் அந்த ரஷ்ய எழுத்தை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டும் இதுக்குள்ள இருக்கா?”

“இருக்கு மாமா.”

“அப்ப என் கணக்கும் சரி” என்றார் ஹாஜியார். கண் கலங்கியதை மறைக்கக் கடைப்பக்கம் போய்விட்டார்.

ஸுபைதா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிற முகம், கணவனாகப் பார்ப்பது இதுதான் முதல்தரம்.

“ஸக்கரியா சாச்சா எழுதியிருந்தாங்க” என்றான் மஹ்ரூப். “சம்மதம் கேட்டப்ப நீ போட்ட சத்தத்துல அவர் பயந்துட்டாராம். சும்மா இருந்தாலே போதும்தானே, ஏன் அவ்வளவு சத்தம்?”

ஸுபைதா கோப்பையை அவன் கையில் கொடுத்தாள்.

“மொஸ்கோ தூரமில்லையா மச்சான்? உங்களுக்குக் கேக்கணுமே.”