வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் சைக்கிள்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்க ஆசைப்படுகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. கராஜ் நடத்திய காலத்திலேயே இதை வாய்விட்டுச் சொன்னவன் நான். ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் முப்பது வருசத்துக்குக் கிட்ட என் கராஜ் இருந்தது. இடுப்பு நோ வந்து அதை மூடிய பிறகும் ஆட்கள் விடவில்லை. "ஒருக்கா வந்து பாருங்கோ, கேக்கிற விலை பெறுமோ எண்டு சொல்லுங்கோ" என்று வந்து நிற்பார்கள். போய்ப் பார்ப்பேன். பெறாது என்று சொல்லுவேன். அவர்கள் வாங்கிவிடுவார்கள். பிறகு எதற்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வாங்குகிறவர்கள் அதில் ஓடுவதும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் அதில் ஏறி இருந்து படம் எடுப்பார், அடுத்த மாதம் விமானம் ஏறிவிடுவார். ஹோட்டல்காரன் வாசலில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு பூச்சாடி வைப்பான். பிரேக் பிடிக்குமா என்று ஒருத்தனும் கேட்கமாட்டான். "இது யாரிட்ட இருந்தது?" என்றுதான் முதலில் கேட்பான்.

என் மனைவியின் அண்ணனும் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேருவார் என்று நான் நினைக்கவில்லை. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்தைந்து வருசம் கோப்பு புரட்டிய மனிதர். முக்கால்வாசிக் காலம் சைக்கிளில், கடைசி வருசங்களில் மகள் ஓடிக் கழித்த ஸ்கூட்டியில் வேலைக்குப் போனவர். ஓய்வு பெற்றபோது மொத்தமாகக் கையில் வந்த காசில் மகளின் கலியாணம் முடித்து, மிச்சத்தைக் கூரை மாற்றுவதற்கென்று வங்கியில் போட்டிருந்தார். மாரி வந்தால் மூன்று இடத்தில் வாளி வைக்கிற வீடு அது. அந்தக் கூரைக் காசில்தான் இப்போது மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறாராம்.

"அண்ணாவோட ஒருக்காப் போயிட்டு வாங்கோ," என்றாள் மனைவி. "நீங்கள் பக்கத்தில நிண்டா அவையள் ஏமாத்தமாட்டினம்."

உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிற ஒரு பழைய வீடு. கொழும்பிலிருந்து வந்த ஒருவன் அதை வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, வெள்ளைக்காரர் தங்குகிற விடுதியாக்கியிருந்தான். நாற்பது வயதிருக்கும். தமிழ்தான். பேச்சில் அவ்வளவு மரியாதை. மரியாதை கூடினால் விலையும் கூடும் என்பது எனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளை விறாந்தையில், ஒரு கம்பளத்துக்கு மேலே நிறுத்தியிருந்தான். வாழ்க்கையில் எத்தனையோ விசர்க்கூத்தைப் பார்த்துவிட்டேன். எண்ணெய் ஒழுகுகிற சாமானைக் கம்பளத்தில் நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

இங்கிலாந்தில் செய்தது, ஒற்றைச் சிலிண்டர். கறுப்புப் பூச்சு, பெற்றோல் தாங்கியில் தங்க நிறக் கோடு. குரோமைப் பார்த்து முகம் மழிக்கலாம். கொம்பனியில் இருந்து வந்த நாளில்கூட அது இவ்வளவு மினுங்கியிருக்காது. மச்சான் விறாந்தைப் படியிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றினார்.

"கோயிலே இது?" என்று கேட்டேன். அவர் திரும்பவும் மாட்டிக்கொள்ளவில்லை.

நான் என் வேலையைத் தொடங்கினேன். முதலில் எஞ்சினில் கையை வைத்தேன். சூடு. நாங்கள் வருமுன்னரே உதைத்து, ஓடவிட்டு, நிறுத்தியிருக்கிறான். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை சொல்லும். சூடாக்கி வைத்தவனிடம் மறைக்க ஏதோ இருக்கிறது. அடுத்து, பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று எப்போதும் என் சட்டைப் பைக்குள் இருக்கும். அதைத் தாங்கியில் வைத்தேன். இடப்பக்கம் ஒட்டியது. வலப்பக்கம் வழுக்கி விழுந்தது. அங்கே இரும்பை விட, நசுங்கலை நிரப்பிப் பூசிய பட்டிதான் கூட. நட்டுகளின் மூலைகள் தேய்ந்து வட்டமாகியிருந்தன, அதற்கு மேலே குரோம் பூசியிருந்தான். பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். எஞ்சின் இலக்கமும் இரும்புச் சட்டத்தில் குத்திய இலக்கமும் அதோடு பொருந்தின. இந்த நாட்டில் பழைய மோட்டார் சைக்கிளின் பாதி விலை அந்தப் புத்தகத்துக்குத்தான், ஆனபடியால் அதில் பிழை சொல்ல எனக்கு வழி இல்லை.

"ஐயா எல்லாம் பாத்திட்டீங்களோ?" என்றான் விடுதிக்காரன். "அப்ப கதையையும் கேளுங்கோ."

சுவரில், அந்தக் கதையை எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கடதாசி தொங்கியது. தேயிலைச் சாயம் பூசிப் பழசாக்கிய கடதாசி. அதைக் காட்டிக் காட்டிச் சொன்னான். துறைமுகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரியின் மோட்டார் சைக்கிளாம் இது. ஞாயிற்றுக்கிழமைகளில் நிலாவெளிக் கடற்கரைவரை அதில் ஓடிப்போய்க் குளித்துவிட்டு வருவாராம். நாட்டைவிட்டுப் போகும்போது கப்பலில் ஏற்ற அனுமதி கிடைக்கவில்லையாம். தன்னுடைய தமிழ்ச் சமையற்காரனிடம் கொடுத்துவிட்டு, தாங்கியில் தலையை வைத்து அழுதாராம்.

அழுத இடம் வந்தபோது என் காது சூடாகியது. அந்தச் சமையற்காரனை எனக்குத் தெரியும். ஒரு வெள்ளைக்காரனின் சைக்கிள் எப்படித் தமிழ் வீட்டுக்கு வந்தது என்று கேட்டால் பதில் வேண்டுமே என்று, என் கராஜ் மர வாங்கில் உட்கார்ந்தபடி நானே உண்டாக்கிய ஆள் அவன். கண்ணீரும் என்னுடையதுதான். நடுவில் கைமாறிய யாரோ ஒருவன் ஒரு நர்சையும் சேர்த்துவிட்டிருந்தான், துரைக்குப் பின்னால் அவள் ஏறி இருந்து போவாளாம்.

இலக்கங்கள் என் மூளையில் நிற்பதில்லை. கை மறக்காது. குனிந்து, காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள குட்டைக் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவினேன். ஒரு பொட்டு அளவு மேடு. சாவிக்கொத்தில் உள்ள சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். சாம்பல் நிற உலோகத்தில் மஞ்சளாய் ஒரு புள்ளி, பக்கத்தில் அரம் சறுக்கிய இரண்டு கீறல்.

அது ஈச்சிலம்பற்று ஊரில் ஓடிய அதே சைக்கிள். சண்டைக் காலத்தில் அந்தப் பக்கத்துக்குப் பெற்றோல் போகாது, மண்ணெண்ணெயில்தான் ஓடினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. அதனால் அந்தக் குழாயில் சிறு துளை போட்டு, சேலைன் ரியூப்பில் ஒரு துண்டைச் செருகி, ஊசியால் நாலு சொட்டுப் பெற்றோலை ஏற்றிவிட்டு உதைப்பார்கள். பற்றிக்கொண்டால் மிச்சத் தூரம் முழுக்கக் கறுப்புப் புகைதான். சண்டை முடிந்த பிறகு ஒரு மீன் வியாபாரியிடம் அதை வாங்கினேன். பின்னால் மீன்பெட்டி கட்டிக் கட்டிச் சட்டமே வளைந்துபோய் இருந்தது. சட்டத்தை நிமிர்த்தினேன். துளைக்குப் பித்தளைத் திருகாணி ஏற்றி, தலையை அரத்தால் தேய்த்துவிட்டேன்.

பார்க்க வந்த முதல் ஆளுக்கு இதையெல்லாம் உள்ளபடி சொன்னேன். மீன் என்றதும் மூக்கைச் சுழித்துக்கொண்டு போய்விட்டான். அடுத்து வந்தவனும் ஒரு கொழும்புக்காரன், இந்த விடுதிக்காரன் இல்லை; அவனுக்குத் துரையின் கதையைக் கொடுத்தேன். பேரம் பேசாமல் காசை நீட்டினான். எனக்கு ஒரு துளி வெட்கமும் வரவில்லை. இப்படியும் நம்புவானோ ஒருத்தன் என்று ஒரு கிழமை சிரித்தேன்.

நான் குனிந்தபடியே இருந்ததை விடுதிக்காரன் கவனித்துவிட்டான்.

"ஐயா கண்டுபிடிச்சிட்டீங்கள்! அது நேவி வேர்க்சொப்பில போட்டது. இப்பிடி இன்னொண்டு இலங்கையிலயே இல்லை. விலை கூடினதுக்கு அதுவும் ஒரு காரணம்."

என்னுடைய ஓட்டைக்கும் விலை வைத்துவிட்டான். மச்சான் முழங்காலை ஊன்றிக் கண்ணாடியை வாங்கி, அந்தப் புள்ளியைப் பார்த்தார். பிறகு சைக்கிளில் ஏறி இருந்தார். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை அவருடைய கலியாணத்தன்றும் நான் காணவில்லை. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கேட்ட விலையில் அரைவாசியும் பெறாது. சொல்லாமல் விட்டால் கூரை போய்விடும். சொல்வதென்றால், பொய்க் கதை கட்டி விற்றவன் நான் என்று என் வாயால் சொல்லவேண்டும். இந்த ஊரில் எனக்கு வேறு சொத்து இல்லை. 'அந்தாள் வாய் பொல்லாதது, ஆனால் பொய் சொல்லாது' என்ற பெயர் ஒன்றுதான் இருந்தது. கொஞ்ச நேரம் சில்லுக் கம்பிகளைத் தட்டிப் பார்ப்பதுபோல நடித்தேன். பிறகு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவோம் என்று மச்சானைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு இறங்கினேன்.

இரண்டு பிளேன்ரீ வந்தது.

"முதல்ல வாயைத் துடையுங்கோ மச்சான், வீணி வடியுது," என்றேன். "அந்தத் துரையைப் பெத்தவன் ஆர் தெரியுமோ? நான்தான். துரையும் இல்லை, சமையற்காரனும் இல்லை. ஈச்சிலம்பற்றில மீன்பெட்டி சுமந்த சாமான் அது. மண்ணெண்ணெய் குடிச்சது. நீங்கள் முழங்கால் போட்டுக் கும்பிட்டீங்களே, அந்த ஓட்டையை அடைச்சதும் நான், கதையைக் கட்டினதும் நான். உங்களைப் போல ஒரு விசரனிட்டத்தான் வித்தனான்."

சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கரண்டியால் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

"நான் வீடு கட்டேக்கை என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டார்.

எனக்கு ஞாபகம் இல்லை.

"கோழிக்கூடு எண்டனீங்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தநேரம், கதிரையை மாத்திப் போட்டிருக்கிறாங்கள், அவ்வளவுதான் எண்டனீங்கள். மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சு, முதல்முதலா உங்களுக்குத்தான் படம் காட்டினனான். அவன்ர மூக்கைப் பற்றிக் கதைச்சனீங்கள். நான் சந்தோசமா இருந்த ஒரு நாளையாவது நீங்கள் விட்டு வைச்சனீங்களோ?"

"மச்சான், இது உண்மை."

"எல்லாத்தையும் உண்மையெண்டுதானே சொன்னனீங்கள்."

கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தார். "இண்டைக்கு என்னைத் தடுக்கிறதுக்கு உங்கட பேரையே நாறடிச்சு ஒரு கதை கட்டியிருக்கிறீங்கள். அவ்வளவு பொறாமையோ உங்களுக்கு?" என்று சொல்லி, இரண்டு தேத்தண்ணிக்கும் காசை மேசையில் வைத்துவிட்டு, திரும்பவும் அந்த ஏற்றத்தில் ஏறிப்போனார்.

நான் பின்னால் போகவில்லை. என் மானத்தை விற்றுச் சொன்ன ஒரே உண்மையை இந்த மனிதர் குப்பையில் போட்டுவிட்டாரே என்ற ஆத்திரம்தான் இருந்தது. போய்க் கெடட்டும் என்று நினைத்தேன். கூரை ஒழுகும்போது தெரியும் என்று நினைத்தேன். அவருடைய தேத்தண்ணி அப்படியே இருந்தது. என்னுடையதையும் நான் குடிக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது மனைவி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். துரை நான் கட்டிய கதை என்பது அவளுக்கும் புதுச் செய்தி. கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அண்ணாவுக்கு இதைச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். நம்பேல்லை."

"எப்பிடிச் சொன்னனீங்கள்?"

சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினேன். வீணியில் தொடங்கி விசரனில் முடித்தேன். அதைக் கேட்டதும் அவள் மறுபடியும் திருவத் தொடங்கிவிட்டாள்.

"வேற மாதிரிச் சொல்லியிருந்தா அவர் கேட்டிருப்பார்," என்றாள்.

"வேற மாதிரியெண்டா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்கு அது ஏலாது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு முடிந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

பொழுது சாயும் நேரம் எங்கள் ஒழுங்கைக்குள் அந்தச் சத்தம் வந்தது. ஒற்றைச் சிலிண்டரின் சத்தத்தை நான் தூக்கத்திலும் அடையாளம் பிடிப்பேன். வாங்கிவிட்டார். தங்கச்சிக்குக் காட்டத்தான் முதலில் வருகிறார். பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"காசு போயிட்டுது. இனி அந்தக் கதை வேண்டாம்," என்றாள் மெல்லிய குரலில். "வந்து, நல்லாயிருக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ஒரே ஒரு சொல்லு. எனக்காக."

ஓம் என்றேன். உண்மையாகவே சொல்லத்தான் வெளியே போனேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் கைபிடியில் வைத்தபடி இறங்காமல் இருந்தார். அறுபத்திரண்டு வயது மனிதர், பள்ளிக்கூடத்தில் புள்ளி வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தார். தேத்தண்ணிக் கடையில் நடந்ததை அவர் விட்டுவிடத் தயார் என்று தெரிந்தது. மனைவி எனக்குப் பக்கத்தில் நின்றாள். நான் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தேன். அந்த ஒரு சொல் தொண்டைவரை வந்தது.

"முன் ரயரில காத்துக் காணாது," என்றேன்.