காலைக் காட்சிக்கு இருபது பேர்

எண்பத்தெட்டாம் வருடம், செப்டம்பர் மாதத்தில் ஒரு புதன்கிழமை. இடம், பூந்தமல்லியில் அப்போது இருந்த ஒரு பழைய சினிமா தியேட்டர். எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீசில் எனக்கு வேலை. வீடும் அம்பத்தூரிலேயே. காலை முதல் மாலை வரை போர்டின் மேல் குனிந்துகொண்டு பல்சக்கரம், ஷாஃப்ட், போல்ட்டு என்று வரைந்துகொண்டிருப்பேன். கோடு மயிரிழை விலகினாலும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதிகம் பேச மாட்டேன், சிரிக்கவும் மாட்டேன். ஆபீசில் என்னை ரொம்ப சீரியஸான ஆள் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

ஆனால் நான் ஒரு கார்ட்டூன் படப் பைத்தியம்.

அது ஆவடியில் படித்தபோது பிடித்த பைத்தியம். பள்ளிக்கூட ஹாலில் ஒருநாள் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டார்கள். ஒரு அணில், தொலைந்துபோன தன் வாலைக் காடு முழுக்கத் தேடுகிற கதை. மற்றவர்கள் அணிலைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கோ, யாரோ கையால் போட்ட கோடு இப்படி மூச்சு வாங்குகிறதே, கண் கலங்குகிறதே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றிலிருந்து மெட்ராசில் எந்த மூலையில் அப்படி ஒரு படம் வந்தாலும் விடமாட்டேன். கரடி பாட்டுப் பாடும், டம்ளரும் தட்டும் சண்டை போடும், குடும்பத்தோடு பார்க்கிற படங்களும் உண்டு. மவுண்ட் ரோடு பக்கம் எப்போதாவது திரையிடுகிற, தலையும் வாலும் புரியாத வெளிநாட்டுப் படங்களும் உண்டு. அவற்றில் மீன் குடை பிடித்து நடக்கும், வீடு கொட்டாவி விடும். இரண்டு வகையும் எனக்கு உயிர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேன்டீனில் இதை ஒருவரிடம் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் என் டிராயிங் போர்டில் ஒரு கிலுகிலுப்பை தொங்கியது. ஒரு வருடம் ஓட்டினார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டேன், போகப்போக அவர்களும் மறந்துவிட்டார்கள். கல்யாணமான பிறகு மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் நல்லவள்தான், சிரித்திருக்க மாட்டாள். ஆனாலும் வெட்கம்.

எஸ்டேட்டில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கிழமை லீவு. எங்களுக்குப் புதன். படம் ஏதாவது வந்திருந்தால், அந்தப் புதன்கிழமை ஓவர்டைம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, டிபன் பாக்சும் கையுமாகத் தியேட்டருக்குப் போய்விடுவேன். இடைவேளையில் அவள் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிடும்போது உறுத்தும். படம் திரும்ப ஆரம்பித்ததும் உறுத்தல் போய்விடும்.

அந்த வாரம் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒரு போஸ்டர் பார்த்தேன். ஒரு ஆடு, தொப்பி போட்டுக்கொண்டு, மேகத்தின் மேல் சைக்கிள் மிதிக்கிறது. பூந்தமல்லியில் காலைக் காட்சி மட்டும். மூலையில் ‘புதன் கடைசி’ என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. நான் பட்டணம் முழுக்க அலைந்து பார்க்கிற மாதிரிப் படம் பூந்தமல்லிக்கே வந்திருக்கிறது. எனக்கு இரண்டு நாள் தூக்கமே இல்லை.

பதினோரு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டேன். உள்ளே மொத்தம் நான்கு பேர். நான், ஃபேன் காற்றுக்காக வந்து படுத்திருந்த ஒரு பெரியவர், காலேஜுக்கு மட்டம் போட்ட இரண்டு பேர். அந்தக் காலத்தில் காலைக் காட்சி இங்கிலீஷ் படம் என்றால் வேறு மாதிரி அர்த்தம். அந்த இருவரும் அந்த அர்த்தத்தில்தான் வந்திருந்தார்கள். கார்ட்டூன் என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

மேனேஜர் வந்து, ஷோ கேன்சல் என்றார். இரண்டு பேருக்காக மெஷினை ஓட்ட முடியாது, விளக்குக்கு எரிக்கிற கார்பனும் கரண்டும் வீண், குறைந்தது இருபது பேராவது வேண்டும் என்றார். இதற்கப்புறம் எந்தத் தியேட்டருக்குப் போகும் என்று கேட்டேன். படப்பெட்டி அன்று மாலையே போய்விடுமாம். அதற்கப்புறம் எங்கே ஓடும் என்று அவருக்கும் தெரியாது.

எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியவில்லை. பதினொன்றரைக்குள் இருபது பேர் வந்தால் போடுவீர்களா என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பன்னிரண்டு வரை பார்க்கலாம் என்றார்.

டிபன் பாக்சோடு ரோட்டுக்கு ஓடினேன்.

பள்ளிக்கூடம் நடக்கிற நாள். குழந்தைகள் படத்துக்குக் கூப்பிட ஒரு குழந்தை கிடையாது. இருந்தவர்கள் எல்லாம் மீசை வைத்தவர்கள், கூடை வைத்தவர்கள். முதலில் தியேட்டருக்கு எதிரே தொப்பி, அத்தர் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்கார பாய்க்கு அறுபது வயது இருக்கும். நல்ல படம் ஓடுகிறது, குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று ஆரம்பித்தேன்.

“உங்க புள்ளை எங்கே தம்பி?” என்று கேட்டார்.

அக்கா பையன் வருவான் என்று ஏதோ உளறினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் என்னால் பொய்யைத் தொடர முடியவில்லை.

“பாய், புள்ளை யாரும் இல்லை. எனக்குத்தான் பாக்கணும்.”

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு அந்நியரிடம் அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்ன படம் என்று விசாரித்தார். ஆடு சைக்கிள் ஓட்டும் என்றேன். ஆடா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பக்கத்துக் கடையில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம் எனக்கு வெட்கம் விட்டுப்போயிற்று. ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் நேராகவே சொன்னேன். எனக்குக் கார்ட்டூன் படம் என்றால் உயிர், இன்று விட்டால் இந்தப் படம் எனக்குக் கிடைக்காது, இருபது பேர் வேண்டும். ஐந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நான்கு பேர் வந்தார்கள். அதில் காதில் பென்சில் சொருகியிருந்த டிரைவர் ஒருவர், நான் கேட்காமலே எனக்குக் கூட்டாளியாகிவிட்டார். வாழைப்பழ வண்டிக்கார அம்மாவை அவர்தான் சம்மதிக்க வைத்தார். டீக்கடை பெஞ்சில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு குடும்பம், மருந்துப் பெட்டியோடு நின்ற விற்பனைப் பிரதிநிதி ஒருவர், சலூனில் ஷேவிங் முடித்து அப்போதுதான் முகம் துடைத்த இருவர் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். அவரவர் டிக்கெட்டை அவரவரே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மூச்சு இரைத்தது, சட்டை தொப்பலாக நனைந்தது. ஆனால் அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன் எந்த ரோட்டிலும் ஓடியதில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். மேனேஜர் வாசலில் நின்று, என்னையும் பெரியவரையும் சேர்த்து எண்ணினார். பதினெட்டு.

இன்னும் இரண்டு பேர் என்று திரும்பினேன். எதிரே என் மனைவி நின்றிருந்தாள். பக்கத்தில் என் மாமியார்.

காலையில் வீட்டில் விட்டுவிட்டு வந்தவள், கையில் துணிப் பெட்டியோடு நிற்கிறாள். என்னையும், டிபன் பாக்சையும், டிக்கெட் கவுண்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமியாரின் கண் எனக்குப் பின்னால் இருந்த சுவருக்குப் போயிற்று. ஆட்டுப் போஸ்டர் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. என் தலைக்கு நேர் மேலே இருந்தது அடுத்து வரப்போகிற படத்தின் போஸ்டர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“ஓவர்டைம்னு சொன்னீங்களே,” என்றாள் மனைவி.

அவள் குரல் உயரவில்லை. கூட்டம் முழுக்க எங்களையே பார்த்தது. கடைசியில், நான் சினிமாவுக்கு வந்தேன், கார்ட்டூன் சினிமா, எனக்கு சின்ன வயதிலிருந்து அது பைத்தியம், சொல்ல வெட்கமாக இருந்தது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை.

காதில் பென்சில் வைத்த டிரைவர்தான் முன்னால் வந்தார்.

“யம்மா, அண்ணாத்தே அரை மணி நேரமா ரோடு ரோடா ஓடிக்கினு கீறாரு. பொம்மைப் படம்மா. எங்களை எல்லாம் இட்டாந்ததே அவருதான். வோணும்னா உள்ள வந்து பாரு.”

பாய் ஆமாம் என்று தலையாட்டினார். பழக்கார அம்மாவும் தன் பங்குக்கு, ஆடு சைக்கிள் ஓட்டுமாம் என்று சொன்னார்.

என் மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள். “இதுக்கா பொய் சொன்னீங்க? நான் என்னென்னவோ நினைச்சிட்டேன்,” என்றாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

அப்புறம்தான் எனக்கு விஷயம் விளங்கியது. போன மாதம் சட்டையைத் துவைக்கப் போட்டபோது, பையில் சினிமா டிக்கெட் துண்டுகளைப் பார்த்திருக்கிறாள். இரண்டு முறை. இரண்டு முறையும் அது நான் ஓவர்டைம் என்று போய்வந்த சட்டையாகவே இருந்ததைக் கவனித்திருக்கிறாள். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள். அன்று காலை நான் கிளம்பியதும் துணிகளை எடுத்துக்கொண்டு காட்டுப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மாமியார், எதுவானாலும் மாப்பிள்ளையை நேரில் கேட்டுவிடலாம் என்று கையோடு திருப்பி அழைத்து வந்திருக்கிறார். பூந்தமல்லியில் இறங்கி அம்பத்தூர் பஸ்ஸுக்கு மாறும்போதுதான் நான் கண்ணில் பட்டிருக்கிறேன். ஆபீசில் நான்கு பேர் சிரித்ததற்குப் பயந்து, வீட்டில் ஒருத்தியை ஒரு மாதம் அழ வைத்திருக்கிறேன்.

முடிவு எடுத்தவர் மாமியார்தான். அது என்ன படம் என்று தானே பார்த்துவிடுவதாகச் சொல்லி, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே நடந்தார். மனைவி பின்னால் போனாள். மேனேஜர், இருபது என்று உரக்கச் சொல்லிவிட்டு மணியை அடித்தார்.

படம் ஆரம்பித்தது. ஐந்தே நிமிடத்தில் எனக்கு அடுத்த பயம் வந்துவிட்டது. இது பாட்டுப் பாடும் கரடிப் படம் இல்லை. தலைகால் புரியாத வகை. ஒரு ஊரில் எல்லார் நிழலும் ஒரே நாளில் ரயிலேறி ஓடிப்போய்விடுகின்றன. தபால்கார ஆடு அவற்றைத் தேடி சைக்கிளில் கிளம்புகிறது. படிக்கட்டுகள் பாம்பாகி நெளிகின்றன. மழை கீழிருந்து மேலே பெய்கிறது. வசனம் பத்து வரி இருந்தால் அதிகம். கூட்டி வந்த பதினாறு பேரும் என்னை உதைக்கப் போகிறார்கள் என்று இருட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

யாரும் அசையவில்லை. தையல்காரர்கள் இருவரும் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். பெரியவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். டிரைவர்கள் ஆட்டுக்கு வழி சொல்ல ஆரம்பித்தார்கள், லெப்டுல ஒடி, லெப்டுல ஒடி என்று. கடைசியில் நிழல்கள் ஊருக்குத் திரும்பி வரும்போது ஆள் மாறிப் போய்விடுகின்றன. குச்சி மாதிரி இருக்கிற ஒரு கிழவிக்கு யானையின் நிழல் வந்து ஒட்டிக்கொள்கிறது. அவள் அதைப் பார்த்து ஒரு கணம் மிரண்டு, அப்புறம் யானை மாதிரியே ஆடி ஆடி நடந்து போகிறாள். என் மாமியார் சிரித்த சிரிப்பில் முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவரைப் பார்த்து என் மனைவியும் சிரித்தாள்.

நடுவில் ஒருமுறை அவள் என் பக்கம் சாய்ந்து, இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் வரைவார்களா என்று கேட்டாள். ஒரு நொடி ஓடுவதற்கு இருபத்துநாலு படம் என்று காதோடு சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆடு ஒரு முறை இமைப்பதற்கு எத்தனை தாள் என்று விளக்கினேன். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு டிராயிங் மை படிந்திருந்த என் விரலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் யாரும் கலையவில்லை. வாசலிலேயே நின்று, நிழல்கள் ஏன் ஓடின என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாய்க்கு ஒரு கதை, பழக்கார அம்மாவுக்கு வேறு கதை. பென்சில் டிரைவர் என் தோளில் கை போட்டார்.

“ஒண்ணியும் புரில அண்ணாத்தே. ஆனா கண்ணை எடுக்க முடில.”

காட்டுப்பாக்கம் பஸ்ஸில் மாமியாரை ஏற்றிவிட்டு, நாங்கள் இருவரும் அம்பத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்தோம். இதுவரை என்னென்ன படம் பார்த்தீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றாள். முதல் படத்திலிருந்து ஆரம்பித்தேன். நடித்துக் காட்டினேன், குரல் மாற்றிப் பேசினேன், முன் சீட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஆவடி தாண்டியும் கதை முடியவில்லை. ஐந்து மாதத்தில் அவளிடம் பேசிய மொத்தப் பேச்சை விட அந்த ஒரு மணி நேரத்தில் அதிகம் பேசியிருப்பேன். இறங்கும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அடுத்த புதன்கிழமை எங்கே?

நமக்குப் பிடித்த ஒன்றை வெட்கப்பட்டு மறைத்து வைத்தால், அந்த இடத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் பயத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்வார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பேர்கூடத் தெரியாத பதினாறு பேர், காரணம் கேட்காமல் என் சந்தோஷத்துக்குத் துணை வந்து எங்கள் குடித்தனத்தையும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு இது எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல நான் யார் முன்னாலும் தயங்கியதில்லை.