கேமராவின் மேல் ஒரு துண்டு

பணிப்பெண் பெரியவரின் முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு துடைக்கும்போதெல்லாம், அவரைக் கவனிக்க மகள் வைத்திருந்த கேமராவின் மேல் துண்டைப் போட்டுவிடுவாள். படுத்த படுக்கையானாலும் மானம் உண்டே.

பெரியவரின் மகள் போனில் அழைத்தாள். "அப்பாவைத் தனியா விட்டுட்டு எங்கக்கா போனீங்க? கேமராவுல ஆளையே காணோம்னு, அதைப் பாத்துக்கற ஏஐ நாளையிலேருந்து உங்களுக்குப் பதிலா வேற ஆள் போட்டுடுச்சு."

"இங்கதாம்மா இருக்கேன். நீ போடச் சொன்னியா?"

"இல்லக்கா. அந்த ஏஐயைப் புதுசா மாத்தினதிலேருந்து அதுவே முடிவெடுக்குது. இருங்க, அந்த ஆள் வர வேணாம்னு நிறுத்திடறேன்."

"நான் உயிரோட இருக்கறதாவது அதுக்குத் தெரியுமா?" என்றார் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்.

பணிப்பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று தடுத்தாயிற்று, நாளை?

மறுநாள் காலையிலும் துண்டைப் போட்டாள். ஆனால், "இப்ப முதுகு துடைக்கிறேன், இப்ப கால்" என்று கேமராவுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே துடைத்தாள்.