ஓடும் வண்டியில் போட்ட கையெழுத்து

பரீட்சை அட்டையை மார்போடு அணைத்து, கம்பெனிப் பேருந்தின் கம்பியை ஒரு கையால் பற்றியபடி என் மனைவி வர்க்கமூலம் நடத்துவதை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதுவும் அவளைத் தடுப்பதற்காகப் போன நாளில். அப்போது நான் அந்த அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர். அவள் அதே பள்ளியில் கணித ஆசிரியை. பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறிய மாணவிகள் சிலர், முடிவு வந்த வாரமே ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சேர்ந்திருந்தார்கள். கூட்டங்களில் நாங்கள் இடைநிற்றல் என்று பேசியதெல்லாம் காலை ஏழு மணிக்கு மாதனூரில் வந்து நிற்கும் அந்த வண்டிதான். அவள் அதில் ஏறி, துணைத்தேர்வுக்குக் கம்பெனி வாசல்வரை பாடம் நடத்திவிட்டு, டவுன் பஸ் பிடித்து முதல் மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடுவாள்.

"இன்னா டீச்சர், எங்க கம்பெனிலயே சேந்துட்டீங்களா? தையலா, பேக்கிங்கா?" என்றார் ஓட்டுநர்.

"கணக்கு செக்ஷன்பா. நீ மெதுவா ஓட்டு, அதான் எனக்குச் சம்பளம்."

வண்டி முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அரசு ஆசிரியை தனியார் வண்டியில் பாடம் நடத்த எந்த ஆணையும் இல்லை என்பதே என் கவலையாக இருந்தது.

அந்தப் பெண்களில் ஒருத்தி, தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகள். "தப்பாப் போட்டாலும் வேகமாப் போட்டுடுறா. ஒரு நிமிஷம் நின்னு பாத்தாப் போதும், பாஸ்" என்று என் மனைவி அவளைப் பற்றிச் சொல்வாள். துணைத்தேர்வு விண்ணப்பத்தில் தலைமையாசிரியர் சான்றொப்பம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் விடுப்புக் கேட்டால் வேலையே போய்விடும் என்பதால், அந்தப் பெண் பேருந்திலேயே கையெழுத்திட்டு அனுப்பியிருந்தாள். குண்டும் குழியுமான சாலையில் அது ஏறி இறங்கிக் கோணியிருந்தது. பள்ளிப் பதிவேட்டில் இருந்ததோடு பொருந்தவில்லை. நேரில் வந்து என் முன்னால் கையெழுத்திடட்டும் என்று விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்தேன்.

"வண்டி குலுங்குச்சு சார். அவ போட்டதுதான், நான் பக்கத்துல நின்னேன்" என்றாள் என் மனைவி. பள்ளியில் என்னை அப்படித்தான் அழைப்பாள்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். அதை நேர்மை என்று உண்மையாகவே நம்பினேன். விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று கம்பெனியில் ஏற்றுமதிக்குச் சரக்கு போகவேண்டியிருந்தது. யாரையும் வெளியே விடவில்லை. விண்ணப்பம் என் மேசை இழுப்பறையிலேயே தங்கியது. அன்று மாலை என் மனைவி எப்போதும்போலச் சாப்பாடு பரிமாறினாள். அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. நானும் பேசவில்லை.

சென்ற மாதம் அவள் காலமானாள். துக்கம் விசாரிக்க வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு பெண் இருந்தாள். முகம் உடனே தெரிந்தது. இப்போது சூப்பர்வைசர் என்றாள். அன்று நான் ஒப்பமிட்டிருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். இப்போதுகூடத் தனித்தேர்வராக எழுதலாம், விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

அவள் திகைத்துப் பார்த்தாள்.

"நான் அடுத்த தடவையே எழுதிட்டேனே சார். டீச்சர்தான் தனியா அப்ளிகேஷன் போட வெச்சாங்க. அப்புறம் பிளஸ் டூவும் முடிச்சுட்டேன்."

என்னிடம் மறைக்கச் சொன்னாளா என்று கேட்டேன்.

"மறைக்கச் சொல்லல சார். 'சார் உன்னப் பத்திக் கேக்கட்டும், அன்னிக்குச் சொல்றேன்'னாங்க." சற்றுத் தயங்கினாள். "நீங்க கேக்கவே இல்லியா சார்?"

அதற்குப் பிறகு பதினேழு ஆண்டுகள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

இல்லை என்றேன்.